நாய்க்குட்டிகளுக்குச் சொற்பச் செலவில் வீட்டு ஆகாரம்

களத்தையும் ஆட்டுப்பட்டியையும் காக்கும் நாய்க்குக் குடியானவர்கள் பெரும்பாலும் பழஞ்சோறும் வடிகஞ்சியுமே இடுகின்றனர். வளர்ந்த நாய் எலி, ஓணான் முதலியவற்றைப் பிடித்துத் தின்று ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். குட்டிக்கோ அவ்வழியில்லை. சோற்றில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாதலால் எலும்பு உரம் பெறாது முன்னங்கால்கள் வளைந்துவிடும். இராஜபாளையம், கோம்பை முதலிய நல்ல ஜாதிக் குட்டிகளும் இதற்கு விலக்கல்ல.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்திலொரு பங்கும் இராது. ஆனால் கேழ்வரகு மாத்திரம் போதாது. நெத்திலிக் கருவாட்டை உப்பு நீங்கப் பலமுறை நீர் மாற்றி ஊறவைத்து, வேகவைத்து, முள்ளோடு அரைத்துக் கூழில் கலக்க வேண்டும். கருவாடு அகப்படாவிடில் வெந்த முட்டை நன்று. வெங்காயமும் பூண்டும் கூடா. அவை நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். நான்காம் வாரம் முதல், தாய்ப்பாலுடன் இக்கூழை இளஞ்சூட்டில் தினம் நான்கு வேளை சிறிது சிறிதாக இடலாம். ஆறு மாதத்திற்குப்பின் இரு வேளை போதும்.

ஆடு அறுக்குமிடத்தில் கழிக்கும் ஈரலும் நுரையீரலும் மலிவான மாமிசமே. எனினும் பச்சையாக எறிதல் பெருங்கேடு. அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு உண்டாகி, அதன் முட்டைகள் மலத்தின் வழியே கால்நடைகளையும் வீட்டுக் குழந்தைகளையும் சேர்கின்றன. நன்கு கொதிக்கவைத்தே இடல் வேண்டும். கட்டி காணும் உறுப்புகளை நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கும்படி ஊர் அதிகாரிகள் கசாப்புக்காரர்களுக்குக் கட்டளையிடுவது உசிதம்.