மஞ்சட் சொதி

தமிழாசிரியன் ஒருவன் பத்திரிகைக்கு எழுதப் புகுந்தால், சங்கச் செய்யுளொன்றின் நயத்தையோ இலக்கண நுட்பமொன்றையோ எடுத்துரைப்பான் என வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. யான் இன்று அடுக்களைக்குள் நுழைகின்றேன். எடுத்துக்கொண்ட பொருள் சொதி. இதுவும் ஒரு பொருளோ என்று நகைப்பவர் நகைக்கட்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவனுடைய கொப்பியிலே யான் இட்ட சிவப்புக் கோடொன்று இன்னும் என் கண்முன் நிற்கின்றது. அக்கோட்டை அழிக்கும் பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

சொதியாவது யாது?

யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், நாள்தோறும் உண்ணும் பொருளை ஒருவரும் உற்று நோக்குவதில்லை. ஆதலாற் சிறிது சொல்லுவேன்.

பாதித் தேங்காயைத் துருவிப் பிழிந்து, முதற்பாலைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலிலே எட்டுப் பத்துச் சின்ன வெங்காயம், நான்கைந்து பச்சைமிளகாய், சிறிது வெந்தயம், கறிவேப்பிலை, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றை இட்டு அவியவிட வேண்டும். வெங்காயம் வெந்தபின் முதற்பாலைச் சேர்த்து, அகப்பையால் இடைவிடாது ஆற்றவேண்டும். பால் நுரைகட்டி எழும் சமயம் பார்த்துச் சட்டியை இறக்கிவிட வேண்டும். இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடலாம். அடுப்பிலிருக்கும்போதே புளியை விட்டாலும், ஆற்றாமற் கொதிக்கவிட்டாலும் பால் திரைந்துவிடும். சூடும் புளிப்பும் ஒருங்கு சேரத் தேங்காய்ப்பாலிலுள்ள புரதம் நீரைவிட்டுப் பிரிந்து திரளுவதே இதற்குக் காரணம். இந்த நுட்பத்தை எங்கள் தாய்மார் எந்தப் பள்ளியிலும் பயின்றாரல்லர். நுரையைப் பார்த்தே அறிந்தனர்.

இதனுடன் முருங்கையிலை சேர்ப்பாரும், தக்காளி சேர்ப்பாரும், மாங்காய் சேர்ப்பாரும், முட்டை உடைத்து விடுவாரும், மீன்தலை இடுவாரும் உளர். எது சேர்ந்தாலும் அது சொதியே. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுவே உயிர். சோற்றுணவிலோ அது கடைசியாக வரும். செத்தல்மிளகாய்த் தூளிட்ட கறிகளால் எரிந்த நாவைத் தணிப்பது அதன் தொழில். குழந்தை முதன்முதல் உண்ணும் கறியும், காய்ச்சலிலிருந்து எழுந்தவன் முதன்முதல் கேட்கும் கறியும் அதுவே. இருந்தும், "இன்றைக்கு என்ன கறி?" என்று ஒருவர் வினவினாற் சொதியை எவரும் எண்ணிச் சொல்லுவதில்லை. அது இருக்கும் என்பது சொல்லாமலே பெறப்படும்.

இச்சொல்லும் பொருளும் எங்களுக்கு மட்டும் உரியனவல்ல. சிங்கள மக்கள் இத்தகைய தேங்காய்ப்பாற் கறியைக் 'கிரி ஹொதி' என்பர். கிரி என்பது பால். சகரம் ஹகரமாய் நிற்பதன்றிச் சொல்லிலே பெரிய வேறுபாடு இல்லை. கடலுக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலும் சொதி உண்டு. அங்கே பாசிப்பருப்பும் பல காய்களும் சேர்த்து, திருமணத்துக்குப் பின்னர் நிகழும் மறுவீட்டு விருந்திலே மாப்பிள்ளைக்குப் படைப்பர். அங்கே அது விருந்துணவு. இங்கே அது நாளாந்த உணவு. விருந்துக்கு உரியதனை வறியவர் வீட்டுக்கும் உரியதாக்கியது எங்கள் அடுக்களையின் சிறப்பு என்பேன்.

சிவப்பு மை

1994ஆம் ஆண்டு. அப்போது எனக்கு வயது இருபத்தாறு. பண்டிதர் பரீட்சையிலே தேறி ஆசிரியத் தொழிலிலே புகுந்த புதிது. கற்ற நூலெல்லாம் நாவின் நுனியில் நின்ற காலம். எதிர்ப்பட்டவரையெல்லாம் திருத்தவேண்டும் என்ற துடிப்பும் உடனிருந்தது. 1990இலே தொடங்கிய பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிலே பல பொருள்கள் அருமைப்பட்டிருந்தன. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கிலே மாணவர் படித்தனர்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு 'விருந்தோம்பல்' என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதப் பணித்தேன். யான் எதிர்பார்த்தவை வந்தன. திருக்குறளின் 9ஆம் அதிகாரத்திலிருந்து மேற்கோள்கள் வந்தன. விருந்தினரின் முகவாட்டத்துக்கு உவமையாய் அனிச்சப்பூ வந்தது. மழை பெய்யும் நள்ளிரவிலே வந்த அடியவருக்காக, அன்று விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்த இளையான்குடி மாறநாயனாரும் வந்தார். நாற்பது கொப்பிகளிலும் ஏறக்குறைய ஒரே நெல், ஒரே மழை.

ஒரு கொப்பி மாத்திரம் வேறாயிருந்தது. அவன் வகுப்பிலே அதிகம் பேசாதவன். அவனுடைய தந்தையார் கொழும்பிலே ஒரு கடையிலே வேலை செய்தார் என்றும், கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வருபவர் யாரேனும் கொண்டுவந்தாலன்றி வீட்டுக்குப் பணம் வந்து சேராது என்றும் பின்னரே அறிந்தேன். அவன் ஒரு பக்கந்தான் எழுதியிருந்தான். அதிலே சில வரிகள் இன்றும் எனக்கு மனப்பாடம்:

"எங்கள் வீட்டுச் சொதி வெள்ளையாக இருந்தால் அப்பாவின் காசு வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஆட்கள் வந்தாற் சொதி மஞ்சளாகிவிடும். எல்லாருக்கும் காணவேண்டும் என்று அம்மா தண்ணீர் விடுவா. தண்ணீர் என்று தெரியாமலிருக்க மஞ்சளும் போடுவா. மஞ்சட் சொதி வைக்கிற நாளில் அம்மா நன்றாகச் சிரித்துக் கதைப்பா."

யான் செய்தது யாது? 'சொதி' என்ற சொல்லின்கீழ் நான்கு இடத்திலும் சிவப்புக் கோடிட்டேன். ஓரத்திலே, "கொச்சை, குழம்பு என எழுதுக" என்றேன். "ஆட்கள்" என்பதை "விருந்தினர்" என்று மாற்றினேன். அடியிலே, "மேற்கோள் இல்லை, பொருளினின்றும் விலகியது" என்று எழுதிப் பத்துக்கு நான்கு புள்ளி இட்டேன். அவன் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இடத்திலே போய் அமர்ந்தான்.

அதே வாரத்திலே உயர்வகுப்புக்குக் குறுந்தொகையின் 167ஆம் செய்யுளைப் பாடஞ் சொன்னேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாய் மணமான பெண்ணொருத்தி முற்றிய தயிரைத் தன் மெல்லிய விரலாற் பிசைகின்றாள்; அவ்விரலைக் கழுவாமலே ஆடையிலே துடைத்துக்கொள்கின்றாள்; தாளிக்கும் புகை கண்ணிலே நிறைகின்றது. தானே துழாவி ஆக்கிய அந்தப் புளிக்குழம்பை இனிதென்று கணவன் உண்ண, அவள் முகம் நுண்ணிதாய் மலர்கின்றது. செவிலி கண்டுவந்து நற்றாய்க்குச் சொல்லும் செய்தி இவ்வளவே. இதன் எளிமையை ஒரு மணிநேரம் வியந்து பேசினேன். அடுக்களைப் புகையும் அழுக்குப்பட்ட ஆடையும் கவிதையாகும் என்று மாணவர்க்குச் சொன்னேன். மேசையின்மேல் திருத்திய கொப்பிகள் அடுக்கிக் கிடந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நாவற்குழிக்கு அப்பால்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டதை இப்பத்திரிகையைப் படிப்போரிற் பலர் நேரிலே அறிவர். இலட்சக்கணக்கானோர் ஒரே இரவிலே, மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்தனர். யானும் என் தாயாரும் ஒரு சைக்கிளும் அக்கூட்டத்திலே இருந்தோம். தாயாரைச் சைக்கிளின் பின்னால் இருத்தித் தள்ளிக்கொண்டு சென்றேன். எடுத்துச் சென்ற நூல்களை வழியிலே ஒரு மதிலோரத்திலே வைத்துவிட்டேன், பாரம் தாங்கவில்லை.

மறுநாள் மாலை தென்மராட்சியிலே முன்பின் அறியாத ஒரு வீட்டின் படலையிலே நின்றோம். அவ்வீட்டிலே அப்போதே ஐந்து குடும்பங்கள் வந்து சேர்ந்திருந்தன. விறாந்தையிலே பாய் விரிக்க இடமில்லை. வீட்டுக்கார அம்மையார் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலிருந்த சிறு அறையைத் துப்புரவாக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் உணவுக்கு அழைத்தார். நீற்றுப்பெட்டியிலிருந்து கொட்டிய கோதுமைமாப் பிட்டு. அதன்மேல் அகப்பையாற் சொதி விட்டார். விட்டபடியே சொன்னார்:

"குறை நினையாதேங்கோ, மாஸ்ரர். ஆக்கள் கூடிப்போச்சுது. சொதி தண்ணியாப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் தாயாரிடம் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கதைக்கத் தொடங்கினார்.

பிட்டைப் பார்த்தேன். சொதி மஞ்சளாயிருந்தது. வெங்காயம் இரண்டொன்று மிதந்தது. என் கை உணவிலேயே நின்றுவிட்டது. "என்னடா, சாப்பிடன்" என்றார் தாயார். அன்றைய நாளின் துன்பத்தை நினைக்கின்றேன் என்று அவர் எண்ணியிருப்பார். யான் நினைத்தது ஒரு கொப்பியின் பக்கத்தை.

ஆறு மாதம் அவ்வீட்டிலே இருந்தோம். ஏறக்குறைய நாள்தோறும் சொதி மஞ்சளாகவே இருந்தது. இளையான்குடி மாறனார் ஒருநாள் இரவு செய்ததை அந்த அம்மையார் ஆறு மாதம் செய்தார். அதனைப் பெரிய செயலென்று அவர் கருதியதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பிழை எங்கே?

யான் செய்த திருத்தத்தைத் தமிழாசிரியன் என்ற முறையிலே பின்னர் ஆராய்ந்து பார்த்தேன். சொதி வேறு, குழம்பு வேறு. குழம்பு புளியும் கறித்தூளும் சேர்ந்து நிறத்தாற் கருஞ்சிவப்பாய் இருப்பது. அதிலே நீர் விட்டால் நிறம் வெளிறுமேயன்றி மஞ்சளாகாது. வெண்மை நீங்கி மஞ்சள் வெளிப்படுவது பாலினாலே ஆன சொதியிலே மட்டும். அம்மாணவன் எழுதிய வாக்கியத்திலே சொதியை எடுத்துவிட்டுக் குழம்பை வைத்தால், வாக்கியம் அழகிழப்பதோடு நில்லாது, பொய்யாகியும் விடும். யான் கொச்சையைக் களைவதாக எண்ணி மெய்யைக் களைந்துவிட்டேன்.

'மேற்கோள் இல்லை' என்று எழுதியதும் அத்தகையதே. முகம் வேறுபடாமல் விருந்தினரை ஏற்கவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. மஞ்சட் சொதி வைக்கும் நாளில் தாய் நன்றாகச் சிரித்துக் கதைப்பாள் என்பது அச்சிறுவன் கண்டது. குறளுக்கு உரையாக வைக்கத்தக்க ஒரு வாழ்க்கையை அவன் கொண்டுவந்து தந்தான். குறளின் எண்ணை அவன் எழுதவில்லை என்பதற்காக யான் அதனை ஏற்கவில்லை.

1996இலே வலிகாமத்துக்கு மீண்டபோது பள்ளியின் அலுமாரிகள் வெறுமையாய்க் கிடந்தன. மாணவர் பலர் திரும்பினர்; அவன் திரும்பவில்லை. அவனுடைய குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். அதன்பின் அவனைக் குறித்து யாதும் கேள்விப்படவில்லை.

அதற்குப் பின்பு ஆண்டுதோறும் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றேன். குறுந்தொகைச் செய்யுளைப் படிப்பித்து முடித்ததும், வீட்டிலே நாள்தோறும் ஆக்கும் கறியொன்றைப் பற்றி வீட்டுச் சொற்களாலேயே எழுதும்படி மாணவரைக் கேட்பேன். திருவலை, சுளகு, நீற்றுப்பெட்டி, அகப்பை, தாளிதம், ஒடியல், பழஞ்சோறு என்று எத்தனையோ சொற்கள் வருகின்றன. திருவலை எது என்று அறியாத பிள்ளைகளும் இப்போது உளர். அவர்கள் வீட்டிலே தேங்காய்ப்பால் மாவாகப் பைக்கற்றிலே வருகின்றது. அதனையும் அவ்வாறே எழுதச் சொல்லுகின்றேன். சந்திப்பிழையையும் எழுத்துப்பிழையையும் திருத்துவேன். வீட்டுச் சொல்லின்மேற் கோடு இடுவதில்லை.

2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது மாணவி ஒருத்தி எழுதினாள்: எரிவாயு இல்லாததாற் பாட்டி மீண்டும் விறகடுப்பு மூட்டினாராம், பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்து ஒரே சட்டியிலே சொதி வைத்தாராம். அது எந்த நிறமாய் இருந்தது என்று அவளிடம் வினவினேன். ஏன் கேட்கின்றேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. சிறிது யோசித்து, "மஞ்சள், சேர்" என்றாள்.

அந்த மாணவனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதளவில் இருக்கும். அவன் எங்கேனும் இருந்து இதனைப் படிக்க நேர்ந்தால், அவனுக்கு அன்றைய ஆசிரியன் அறியத் தருவது இது: உன் கட்டுரையிலே யான் இட்ட கோடுகள் அனைத்தும் பிழை. சொதி என்பதே சரி. அது மஞ்சளாயிருந்தது என்பதும் சரி.