கடலுக்கடியில் கிடந்த இரும்புக் கட்டிகள்... 220 ஆண்டுகள் கழித்து வந்த தாய்மண்!

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், வெயில் காயவும் கடலில் குளிக்கவும் கூட்டம் அலைமோதும் இடம் கிளிஃப்டன் கடற்கரை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான், 200-க்கும் மேற்பட்ட மனிதர்களைப் பலிகொண்ட ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது.

கப்பலின் பெயர் சாவோ ஜோஸே. போர்ச்சுக்கல் நாட்டுக் கப்பல். 1794 டிசம்பரில், மொசாம்பிக்கில் இருந்து 500-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு பிரேசிலுக்குக் கிளம்பியது. டிசம்பர் 27 அன்று பாறையில் மோதி உடைந்தது. கேப்டனும் மாலுமிகளும் தப்பித்தார்கள். அடைத்துவைக்கப்பட்டிருந்தவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்காவது விடுதலை கிடைத்ததா? இல்லை. கேப் டவுனிலேயே விற்கப்பட்டார்கள்.

காட்டிக்கொடுத்த இரும்பு

1980-களில் புதையல் தேடிப் போனவர்கள் கண்ணில் இந்தக் கப்பல் பட்டது. ஆனால், ஏதோ பழைய டச்சுக் கப்பல் என்று நினைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, இஸிகோ மியூசியத்தின் தொல்லியலாளர் யாக்கோ போஷாஃப், ஆவணக் காப்பகத்தில் கேப்டனின் வாக்குமூலத்தைக் கண்டெடுத்தார். விபத்து நடந்த இரண்டே நாளில் பதிவானது அது.

கடலுக்கடியில் கிடைத்த இரும்புக் கட்டிகள் சந்தேகத்தைத் தீர்த்தன. லிஸ்பன் நகரில் கிளம்பும்போதே இந்தக் கப்பலில் 1,400-க்கும் மேற்பட்ட இரும்புக் கட்டிகள் ஏற்றப்பட்டதாகப் பழைய ஆவணம் சொன்னது.

எதற்காக அவ்வளவு இரும்பு? சரக்கு மூட்டைகள் கனமானவை, வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும். மனிதர்கள் அப்படியில்லை. எடை குறைவு, அசைவார்கள். கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க, அந்தக் குறையை இரும்பை வைத்து ஈடுகட்டினார்கள். மனிதர்களைச் சரக்காகவே எடைபோட்டதற்கு அந்தக் கட்டிகளே சாட்சி!

ஒரு கூடை மண்

அடிமைகளோடு மூழ்கி, தொல்லியலாளர்களால் அடையாளம் காணப்பட்ட முதல் கப்பல் இதுவே என்று கருதப்படுகிறது. சில இரும்புக் கட்டிகள் வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

2015 ஜூன் மாதம், மொசாம்பிக்கின் மக்குவா இனத் தலைவர் ஒருவர் சோழி பதித்த கூடையில் ஊர் மண்ணைக் கொடுத்து அனுப்பினார். கப்பல் மூழ்கிய இடத்தில், கடலில் அந்த மண் தூவப்பட்டது.

இறந்தவர்கள் ஊர் திரும்பவே இல்லை. 220 ஆண்டுகள் கழித்து, ஊர் மண் அவர்களைத் தேடி வந்தது!