தொட்டி மூங்கிலுக்குத் தேவை உரமா, இடமா?

சென்ற கோடையில் நெசவாள அங்கத்தினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர் திண்ணையோரத்துத் தொட்டியிலிருந்த மூங்கிலைக் காட்டி, “எவ்வளவு உரம் வைத்தும் தேறவில்லை, ஐயா. பிடுங்கி எறிந்துவிடலாமா?” என்று வினவினார். இலைகள் மஞ்சளித்திருந்தன, ஊற்றிய நீர் மண்ணில் இறங்காது விளிம்பில் வழிந்தது. அவருடைய காலஞ்சென்ற தந்தையார் நட்ட செடி அது. “எறிய வேண்டா, அதற்குத் தேவை உரமன்று, இடம்” என்றேன்.

மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. அதன் உயிர்நிலை மண்ணுக்குள் படரும் அடித்தண்டிலே உள்ளது. முளை வெளிவரும்போது எத்துணைப் பருமனோ, அதுவே அக்கழியின் பருமன். மரத்தைப்போல ஆண்டுதோறும் பருப்பதில்லை. ஆகவே மெலிந்து பிறந்த கழியைப் பின்னர் உரமிட்டுத் தடிப்பாக்க இயலாது. தொட்டி முழுதும் வேரே நிறைந்து மண் அருகிவிடின், புதிய முளைகள் மேன்மேலும் மெலியும். நாடாவில் ஊடை தீர்ந்தபின் எத்துணை முறை ஓட்டினும் துணி வளருமோ?

தொட்டி மாற்றுவதற்கு ஏற்ற காலம், கோடை வெம்மை தணிந்து முதல் மழை விழுந்தபின், புது முளை தலைகாட்டுமுன் ஆகும். இதனை அறியாது, நான் ஒருமுறை இளமுளைகள் எழுந்தபின் செடியை எடுத்து, வேரை வெயிலில் வைத்துவிட்டு வேறு வேலைக்குச் சென்றேன். முளைகள் ஒடிந்தன, வேர் உலர்ந்தது, செடி பிழைக்கவில்லை.

செய்முறை இதுவாகும். முதல்நாளே நன்கு நீரூற்றுக. புதிய தொட்டி பழையதைவிட நான்கு அங்குலம் அகன்றதாய், அடியில் துளையுள்ளதாய் இருத்தல் வேண்டும். துளைமேல் ஓட்டுச்சில்லை வைத்து, செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து இடுக. செடி பழைய மண்தொட்டியிலிருந்து வாராவிடின் கழியைப் பற்றி இழுக்க வேண்டா. தொட்டியை உடைத்துவிடுதலே நன்று. தூரைப் பிரிப்பதாயின் கைவாளால் அறுத்து, ஒவ்வொரு பகுதியிலும் மூன்று கழிகளேனும் மொட்டுள்ள அடித்தண்டோடு இருக்குமாறு பார்த்துக்கொள்க. சுற்றிச் சுருண்ட வெளிவேரை மட்டும் சிறிது கழித்து, வேர் வெளியிலிருக்கும் நேரமெல்லாம் ஈரச் சாக்கால் மூடி வைத்திடுக. முன்னிருந்த ஆழத்திலேயே நட்டு, கழிகளின் நுனியில் மூன்றிலொரு பங்கைக் களைந்து, இரு வாரம் நிழலில் வைத்திடுக. மண்ணில் ஈரம் காத்தல் வேண்டும், நீர் தேங்கலாகாது. ஒரு திங்கள் வரை வேறு உரம் வேண்டா.

ஓர் எச்சரிக்கை. கண்ணாடிக் குவளை நீரில் நிற்கும் ‘அதிர்ஷ்ட மூங்கில்’ உண்மையில் மூங்கிலன்று; ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிரசீனா என்னும் வேறொரு செடி. இம்முறை அதற்குப் பொருந்தாது.

நண்பரின் செடியை முதல் மழைக்குப்பின் இரண்டாகப் பிரித்தோம். ஒன்று திண்ணையிலேயே நின்றது. மற்றொன்று அவர் தம்பியார் வீட்டுக்குச் சென்றது. ஐப்பசி மழையில் இரண்டும் முளைவிட்டன. தந்தையார் நட்டது இப்போது இரு வீட்டிலும் தழைக்கின்றது. தங்கள் இல்லத் தொட்டியிலும் நீர் விளிம்பில் வழிகின்றதா என்று அங்கத்தினர்கள் இன்றே பார்ப்பார்களாக.