சக்கையும் தீனியும் – 6
ஆரஞ்சுத் தோலுக்குச் சுண்ணாம்பு

பிழிந்த சக்கையில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் என்று சொல்லியிருந்தேன். ஃபுளோரிடாவின் சுண்ணாம்பைப் பற்றிப் படித்த பிறகு அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

ஆரஞ்சைப் பிழிந்தால் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோலும் சக்கையும் விதையுமாக மிஞ்சும். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். எவ்வளவு அழுத்தினாலும் வடியாது, தோலிலுள்ள பெக்டின் கொழகொழவென்று பிடித்துக்கொள்ளும். அப்படியே உலர்த்தினால் எரிபொருள் செலவு கட்டாது. குவித்து வைத்தால் புளித்து ஈ மொய்க்கும்.

இதற்கு வழியாக ஃபுளோரிடா ஆலைகளில் நறுக்கிய தோலோடு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தார்கள். நூறு கிலோவுக்கு அரைக் கிலோ போதும். சில நிமிடங்களில் பெக்டின் கால்சியத்தோடு சேர்ந்துகொள்ள, தண்ணீர் தனியே பிரிகிறது. இவ்வளவுதான் வித்தை! வடிந்த நீரில் சர்க்கரை இருப்பதால் அதையும் வற்றவைத்து, கரும்பாலை மொலாசஸ் மாதிரி ஒரு பாகு எடுக்கிறார்கள். சக்கையோ பத்து சதவீத ஈரத்துக்குக் காய்ந்து, மாதக்கணக்கில் கெடாமல் மாட்டுத் தீவனமாகக் கப்பலேறுகிறது.

மாட்டின் வயிற்றிலும் பெக்டின் நல்ல பிள்ளைதான். மக்காச்சோளம் அளவு மீறினால் லாக்டிக் அமிலம் குவிந்து மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். பெக்டின் வேகமாகச் செரித்தாலும் அந்தத் தொல்லை குறைவு. பாலின் கொழுப்புக்கு வேண்டிய அசிட்டிக் அமிலமும் கிடைக்கிறது. சக்கையில் புரதம் ஆறேழு சதவீதம்தான், ஆகவே புண்ணாக்கை விட முடியாது. சுண்ணாம்பால் கால்சியம் ஏறியிருக்கும், பாஸ்பரஸ் சொற்பம். தாது உப்புக் கலவையை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

அதே சுண்ணாம்பு 1998-ல் ஐரோப்பாவை உலுக்கியது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பாலில் டையாக்சின் நச்சு ஏறக்குறைய இரட்டிப்பானது. தடம் பிடித்துப் போனவர்கள் மாட்டுத் தீவனத்தில், பிரேசிலிலிருந்து வந்த ஆரஞ்சுச் சக்கைக் குச்சித் தீவனத்தில் போய் நின்றார்கள். பழத்தில் குற்றமில்லை. சக்கையில் கலந்த சுண்ணாம்பு, ஒரு வேதி ஆலையின் கழிவாகக் கிடைத்தது. சக்கை எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கேட்டால் போதாது, அதில் சேர்த்த சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டே ஆக வேண்டும்.

ஃபுளோரிடாவில் இப்போது சக்கைக்கே பஞ்சம். 1997–98 பருவத்தில் 24.4 கோடி பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. ஒரு பெட்டி சுமார் 41 கிலோ. 2005-ல் அங்கே தெரியவந்த, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பசுமை நோயை ஒரு சிறு பூச்சி தோட்டம் தோட்டமாகப் பரப்பியது. 2022–23-ல் கிடைத்தது சுமார் 1.6 கோடி பெட்டி.

இனி கிருஷ்ணகிரிக்கு வருவோம். மாந்தோலிலும் பெக்டின் நிறைய உண்டு. ஆனால் மாங்கூழ் ஆலைகள் மாம்பழப் பருவத்தில் மட்டும்தான் முழுமூச்சாக ஓடும். தோலும் கொட்டையும் அந்தச் சில மாதங்களில் ஒரேயடியாகக் குவியும். மீதி மாதங்கள் சும்மா கிடக்கப்போகும் உலர்த்தும் எந்திரத்துக்கு யார் முதல் போடுவார்? வைக்கோலோடு குழியில் அடைத்து ஊறுகாய்ப்புல் மாதிரி புளிக்கவைப்பதே அங்கே தோதான வழி என்று நினைக்கிறேன். எப்படி அடைப்பது, கொட்டைப் பருப்பின் டானினை என்ன செய்வது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)