காப்புக் கட்டிய ஊரும் கோபுரம் கட்டிய சாமியும்

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத்தங்கல் கூடாது. எங்கே போயிருந்தாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் 'சாமி குத்தம்' என்பார்கள். பெரியம்மை உச்சத்துக்கு வரும் கோடைப் பருவத்தில் ஆள் நடமாட்டத்தை நிறுத்திவைக்க இதைவிட வலுவான கட்டுப்பாடு எந்த அரசனிடமும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அம்மை கண்ட வீட்டின் நடைமுறையையும் பாருங்கள். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. அதைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே வரமாட்டார். அடுப்பில் தாளிப்பு இல்லை, விருந்தாளி இல்லை. நோயாளிக்குத் தனிப் படுக்கை, இளநீர், மோர், கூழ். முத்துகள் இறங்கி, மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீடு பழைய நிலைக்குத் திரும்பும். வேப்பிலை அம்மையைக் குணப்படுத்தியது என்று சொல்ல வரவில்லை. நோயாளியைத் தனியே வைத்து, நீராகாரம் கொடுத்து, மற்றவர்களை விலக்கி நிறுத்திய ஒழுங்கு பல உயிர்களைக் காத்திருக்கும். அந்த ஒழுங்கை மறக்காமல் வைத்திருந்தது சாமி பயம்.

பிழைப்பதற்கான இந்த ஏற்பாடுகள் எப்படிப் பெருமதமாகின்றன? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, ஆநிரைப் பூசலில் செத்தவனுக்கு நட்ட கல். பூசலில் செத்தவனை ஊர் மறந்தால் அடுத்த முறை போக ஆள் வராது. கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று படிப்படியாகச் சொல்கிறது. சிலப்பதிகாரத்திலும் அதே படிகள்தாம். ஆனால் அங்கே கல் இமயத்திலிருந்து வருகிறது, கங்கையில் நீராடுகிறது, சேர மன்னன் கோயில் எடுக்கிறான். ஊரின் சடங்கு அரசின் கைக்குப் போவதை அந்தக் காப்பியத்தில் கண்ணாரக் காணலாம். வேலன் வெறியாடிய முருகன், ஆகம பூசை கொண்ட முருகன் ஆனதும் இதே வழியில்தான்.

பெருங்கோயில் ஆன பிறகும் பழையது முழுக்க அழிந்துவிடுவதில்லை. சமயபுரத்தில் மாசி பங்குனியில் 28 நாள் அம்மனே பச்சைப்பட்டினி இருக்கிறாள். அப்போது சமைத்த படையல் கிடையாது; துள்ளுமாவு, இளநீர், பானகம்தான். அம்மை வீட்டின் ஆகாரம் கருவறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஊர்ச்சாமிக்குக் கோபுரமும் குடமுழுக்கும் கிடைப்பது, நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைக்கும் மரியாதை என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

என் கவலை முளைப்பாரியைப் பற்றியது. வாயகன்ற மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த எருவும் பரப்பி, நவதானியம் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு வாரத்தில் வெளிர்மஞ்சளாய் முளை எழும்பும். பெண்கள் அதைச் சுற்றிக் கும்மி கொட்டி, ஊர்வலமாகச் சுமந்துபோய் நீரில் கரைப்பார்கள். யார் வீட்டு விதை அடர்ந்து வந்தது, யாருடையது பொக்காகப் போனது என்பது விதைப்புக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். நல்ல விதை வைத்திருந்த வீட்டில் மற்றவர்கள் கைமாற்று கேட்கலாம். அது ஊர் கூடி நடத்திய விதைச் சோதனை.

இன்று நாட்டு மருந்துக் கடையில் நவதானியப் பொட்டலம் கிடைக்கிறது. எல்லாச் சட்டியிலும் ஒரே பொட்டலம். வயலுக்கோ ஒட்டுரக விதை. அதை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் அதே குணத்தோடு வராது. அப்படியிருக்க, சட்டியில் முளைப்பதற்கும் வயலில் விளைவதற்கும் தொடர்பே இல்லை. பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. காப்புக்கயிற்றின் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ளலாம். பசியும் வறட்சியும் அப்படி முடிந்துவிடவில்லையே! குதிருக்குள் சாம்பல் கலந்து விதை வைத்த பாட்டிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கோயிலிலோ கிரானைட் தரை போட நன்கொடை வசூல் நடக்கிறது.

திருப்பணிக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். முளைப்பாரி போடத் தெரிந்த பெண்களைக் குழுவில் சேருங்கள். வசூலில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்தந்த ஊரின் கம்பு, கேழ்வரகு, சோள விதைகளைத் தேடிப்பிடித்துக் கோயில் நிலத்தில் விதையுங்கள். அடுத்த ஆண்டு முளைப்பாரிக்கான விதையை அந்த அறுவடையிலிருந்து வீடுவீடாகக் கொடுங்கள்.