ஒரு மூட்டை யூரியா எங்கே போகிறது?

ஓரிக்கையில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி உத்திரமேரூர் பக்கம் போனால் வழி நெடுக ஏரிப் பாசன நெல் வயல்கள். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பட்டம் மாறினாலும் நடவு முடிந்து சில வாரங்களில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு: யூரியா தூவுவது. எங்கள் உறவில் குத்தகைக்கு நெல் வைக்கிற பெரியப்பா ஒருவர், பயிர் கொஞ்சம் வெளுத்தாலே "இன்னொரு மூட்டை போட்டாதான் தேறும்" என்பார். அந்த மூட்டை எங்கே போகிறது என்று தேடிப் படித்ததன் குறிப்பு இது. மென்பொருள்காரன் என்பதால் வரவு, செலவு, கையிருப்பு என்ற கணக்காகவே சொல்கிறேன்.

முதலில் கையிருப்பு. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் நிற்கிற காற்றின் எடை சுமார் 10 டன். அப்படிப் பார்த்தால் ஒரு ஏக்கருக்கு மேலே 30,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் விளைய, பயிர் எடுத்துக்கொள்வதோ 40 முதல் 50 கிலோதான். தலைக்கு மேலே இவ்வளவு இருந்தும் பயிர் ஏன் வெளுக்கிறது? காற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மும்மடங்குப் பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. அதை உடைக்கிற திறமை எந்தச் செடிக்கும் கிடையாது.

உடைக்கத் தெரிந்தவை சில நுண்ணுயிர்கள். வேர்க்கடலை, உளுந்து வேரில் உள்ள முடிச்சுகளில் ரைசோபியம் குடியிருக்கிறது. அசோலாவின் இலைக்குள் அனபீனா. மின்னலும் கொஞ்சம் உடைக்கும். மனிதன் இதைத் தொழிலாகக் கற்றுக்கொண்டது 20-ம் நூற்றாண்டில்தான். 1909-ல் பிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்து காட்டினார்; 1913-ல் கார்ல் போஷ் ஜெர்மனியின் ஓப்பாவில் அதை ஆலையாக்கினார். காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நூறு மடங்குக்கும் அதிகமான வளிமண்டல அழுத்தத்தில் சேர்த்தால் அம்மோனியா. அதிலிருந்து யூரியா. நம் பக்கத்தில் மணலியில் நடப்பதும் இதுதான்.

இனி செலவுக் கணக்கு. ஒரு மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. நீர் தேங்கிய நெல் வயலில் தூவினால், அதில் பயிருக்குள் போவது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம். மூட்டைக்கு எட்டு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று வழிகளில் கசிகிறது.

முதல் வழி ஆவி. யூரியா தண்ணீரில் கரைந்து அம்மோனியமாக மாறுகிறது. பகலில் வயல் நீரில் உள்ள பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. உச்சி வெயிலில் அது 9-ஐயும் தாண்டும். அப்போது அம்மோனியம் அம்மோனியா வாயுவாகி, காற்றோடு போய்விடும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நெல் வயல் சேற்றில் மேலே சில மில்லிமீட்டர் மட்டும் ஆக்சிஜன் இருக்கும், கீழே கிடையாது. மேலடுக்கில் அம்மோனியத்தை நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் கீழே இறங்கினால், அங்கே ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைச் சுவாசத்துக்கு எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவைத் திருப்பி அனுப்புகின்றன. ஏரியில் தண்ணீர் குறைந்து முறை வைத்துப் பாய்ச்சும்போது வயல் காய்வதும் நனைவதுமாக இருப்பதால் இந்த இழப்பு இன்னும் கூடும். மணலியில் அத்தனை வெப்பமும் அழுத்தமும் கொடுத்துக் காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன், உத்திரமேரூரில் சத்தமில்லாமல் காற்றுக்கே திரும்புகிறது. அதில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

மூன்றாவது வழி நிலத்தடி. மணற்பாங்கான மண்ணில் நைட்ரேட் கிணற்று நீருக்கு இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து.

அப்படியானால் பயிர் எதைத்தான் சாப்பிடுகிறது? பயிரில் சேரும் நைட்ரஜனில் பாதிக்கும் மேல், பெரும்பாலும், ஏற்கெனவே மண்ணில் இருந்த மட்கிலிருந்து வருகிறது. இந்தப் பட்டத்து மூட்டை கைச்செலவு. மண்ணின் மட்குதான் வங்கி இருப்பு. பழைய வேளாண்மை முழுக்க இந்த இருப்பைக் காப்பதுதான். பராந்தக சோழன் காலத்து (919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. அவர்களுக்கு நைட்ரஜன் என்ற பெயர் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் ஏரி பராமரிப்பு தண்ணீருக்கு மட்டும் ஆனதல்ல. கோடையில் எடுக்கும் வண்டலில் வரும் மட்கும் வயலுக்கு வரவுதான். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் அதே கணக்கு. நைட்ரஜனுக்குத் தமிழில் தழைச்சத்து என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

யூரியாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைய விளைச்சலுக்குத் தழை உரம் மட்டும் பல இடங்களில் போதாது. ஆனால் கசிவை அடைக்கலாம். உச்சி வெயிலில், நிறைந்த தண்ணீரில் தூவாமல், நீரை வடித்துவிட்டு மாலையில் போடலாம். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துக் கொடுக்கலாம். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை அது தாமதப்படுத்தும். இலை வண்ண அட்டை என்று ஒரு பிளாஸ்டிக் பட்டை உண்டு. நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை அதில் வைத்துப் பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் கீழும் மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழும் போனால் மட்டும் உரம் கொடுத்தால் போதும்.

மூட்டை ரூ.266.50 என்பதால் கூடுதலாகப் போடுவது சல்லிசாகத் தெரிகிறது. அடக்க விலை அதைவிடப் பல மடங்கு, வித்தியாசத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. அதிகப் பச்சைக்குப் புகையானும் குலைநோயும் தேடி வரும், கதிர் சாயும், பூச்சிமருந்துச் செலவு தனி. அதனால் பெரியப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "இன்னொரு மூட்டை வாங்குறதுக்கு முன்னாடி அட்டையை வச்சுப் பாருங்க. நெல்லு அறுத்ததும் உளுந்து தெளிங்க. பூக்கிற நேரத்துல ஒரு செடியைப் புடுங்கி, வேர் முடிச்சை நகத்தால கிள்ளிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா, உங்க நிலத்துலயே ஒரு சின்ன மணலி ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."