நாட்டுத் துப்பாக்கி
இரும்புக் குழல், மரப் பிடி. 19-ஆம் நூற்றாண்டில் பரவிய கேப்பு வகை

தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் வேட்டைக்குக் கொண்டு சென்ற துப்பாக்கி இவ்வகையே. முதலில் குழலைத் துடைத்து உலர்த்துவர். ஈரம் பட்டால் மருந்து பற்றாது, காவிரிப் படுகையிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கரிமருந்தைக் குழல்வாயில் கொட்டி, துணியோ நாரோ அடைத்து, ஈயக் குண்டுகளை இட்டு, மீண்டும் அடைத்து, நீண்ட கம்பியால் கெட்டிப்பர். சுடும் வேளையில்தான் பின்முனையில் கேப்பை, அதாவது அடிபட்டால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடியை, பொருத்துவர். சுத்தியல் போன்ற குதிரை அதன்மேல் விழ, தீ சிறு துளை வழியே மருந்தை எட்டும். அடுத்த குண்டுக்கு எல்லாம் முதலிலிருந்து. சுட்டபின் தங்கும் கசடு இரும்பை அரிக்குமென்பதால் வெந்நீரில் கழுவி எண்ணெய் பூசுவர்.

பின்னர் வேட்டைக்குத் தடைகள் வந்தன. காவிரிப் படுகையில் உள்ள கோடியக்கரையின் வெளிமான்களுக்கு 1967-இல் சரணாலயம் அமைந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.